பெரிய பாரும் பேராசிரியரும்: ஒரு முத்துக்குளிப்பு அறிக்கையை மறுபடி வாசித்தல்

1. பிணக்கு

காலனிய ஆட்சிக்கால அறிவியல் பயணங்களைப் பற்றி எழுதுவோர் கடந்த சில பத்தாண்டுகளாக ஒரே முடிவில் வந்து நிற்கிறார்கள். வந்தவர்கள் மாதிரிகளை அள்ளிச் சென்றார்கள், இருந்தவர்களின் பங்கை மறைத்தார்கள் என்பதே அந்த முடிவு. இன்றைய பல்கலைக்கழகக் கூட்டாய்வுகளையும் அதே அளவுகோலால் அளக்கிறார்கள். 2021இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பு, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் களப்பணி செய்து எழுதப்பட்ட பவளப்பாறைக் கட்டுரைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் அந்தந்த நாட்டு ஆய்வாளர் ஒருவர் பெயர்கூட இல்லை என்று காட்டியது. அந்த எண்ணிக்கை வெட்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரைச் சேர்த்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்ற எண்ணம் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது தலைவலிக்கு முழங்காலில் பற்றுப் போடும் வேலை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதை நிறுவ நான் எடுத்துக்கொள்ளும் சான்று, ‘மறைத்தல்’ வாதத்துக்கு வழக்கமாக முன்வைக்கப்படும் ஒன்றுதான். லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெலின் துணையோடு தயாரித்து, இலண்டன் ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி அறிக்கை அது. அந்த அறிக்கை உள்ளூரார் பங்கை மறைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பதிவு செய்கிறது. சிக்கல் பதிவின்மையில் இல்லை, பதிவு செய்த விதத்தில் இருக்கிறது. ‘பார்’ எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகளுள் ஒன்றான பெரிய பாரைப் பற்றிய ஒரு சிறு பகுதியை ஊன்றி வாசித்தால் இது தெளிவாகும்.

2. இடமும் இருக்கைகளும்

மோதரகம் ஆற்றுக்குத் தெற்கே புத்தளம் மாவட்டக் கரை தொடங்குகிறது. குதிரைமலை, போர்த்துக்கேயர் குடா, காரைதீவு, ஒல்லாந்தர் குடா, கற்பிட்டி என இறங்கி, உடப்பைத் தாண்டிச் சிலாபம் வரை அது நீள்கிறது. முத்துவரத்துப் பார், காரைதீவுப் பார், சிலாபப் பார் ஆகியவை இந்தக் கரைக்கு நேரே உள்ளவை. பெரிய பாரும் சேவல் பாரும் வடக்கே, இன்றைய மன்னார் மாவட்டக் கரைக்கு எதிரே கிடக்கின்றன. நிருவாக எல்லை சிப்பிக்குத் தெரியாது. அறிக்கையும் இவை அனைத்தையும் ஒரே தொகுதியாகவே நடத்துகிறது. பெரிய பாரில் எடுத்த முடிவு தெற்கேயுள்ள பார்களை வாசிக்கும் முறையையும் தீர்மானித்தது. புத்தளம் கரையின் வரலாற்றை எழுதுபவர் அதனால் வடக்கே பார்க்காமல் இருக்க முடியாது.

1891க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வருவாய் நின்றதால் கொழும்பு அரசாங்கம் கவலைப்பட்டது. காலனி அமைச்சு விலங்கியலாளர் ரே லங்கெஸ்டரிடம் ஆலோசனை கேட்டது. அவர் ஹேர்ட்மனைப் பரிந்துரைத்தார். ஹேர்ட்மன் 1902 ஜனவரியில் வந்து ஏப்ரலில் திரும்பினார். ‘லேடி ஹவ்லொக்’ நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றிப் பார்த்தார். ஹோர்னெல் இங்கேயே தங்கினார். ஆய்வுக்கூடம் காலியில் அமைந்தது. மாதிரிகள் கடல் கடந்தன. 40க்கு மேற்பட்ட துணையறிக்கைகளைப் பெரும்பாலும் பிரித்தானிய நிறுவனங்களைச் சேர்ந்த இயற்கையியலாளர்கள் எழுதினார்கள்.

இலங்கையில் அப்போது பல்கலைக்கழகம் இல்லை. 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருந்தது. பல்கலைக்கழகக் கல்லூரி 1921இலும் இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இலும் தான் வந்தன. ஆகவே 1902இல் கூட்டாளி என்று அழைக்கத்தக்க நிறுவனமே இங்கு இல்லை, இல்லாத ஒன்றுக்கு அநீதி இழைக்கப்பட்டது எனக் கூறுவது பொருந்தாது என்று ஒரு மறுப்பு எழக்கூடும். இது பெரிய மறுப்பன்று. நிறுவனம் இல்லாதபோதும் அறிவுடைய ஒரு தரப்பு, இந்தக் கரையின் கடலோடிகள், இருந்தது. அதனோடு அறிக்கை எப்படிப் பேசியது என்பதே நம் கேள்வி.

அந்தத் தரப்பினர் அறிவுலகில் எப்போதும் வாயில்லாதவர்களாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் தம் பெயரிலேயே இலங்கைக்கு ஓர் ஆங்கில இடவிளக்க அகராதி வெளியிட்டார். 1837இல் பரவரின் தோற்றத்தையும் வரலாற்றையும் குறித்து அவர் எழுதிய கட்டுரை இலண்டன் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் வந்தது. கடலோடிகளைப் பற்றி, கடற்கரையில் பிறந்த ஒருவர், இலண்டன் இதழில் வாதிட முடிந்த காலம் அது. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே கரையின் கடலோடிகளைக் கேட்டறிந்து எழுதப்பட்ட அறிக்கையில் அவர்களுக்கு வாதிடும் இருக்கை இல்லை. காலம் போகப் போகக் கதவு திறந்தது என்ற படிமுறை வளர்ச்சிக் கதை இந்தக் கரைக்குச் செல்லாது. ஆய்வு, பல்கலைக்கழகத் துறைகளின் தனித்தொழிலாக மாறியபோது ஒரு கதவு மூடிக்கொண்டது.

3. பெரிய பார்: சான்றின் வாசிப்பு

பெரிய பார் கரையிலிருந்து வெகு தூரத்தில், வடக்குத் தெற்காக நீண்டு, தொகுதியின் மேற்கு விளிம்பில் கிடக்கிறது. அதற்கு மேற்கே கடல் சடுதியாக ஆழமாகிறது. கிழக்கே, கரைப்பக்கமாக, சேவல் பார் முதலிய உட்பார்கள். பெரிய பாரில் இளஞ்சிப்பி அடிக்கடி கணக்கற்றுப் படிகிறது. ஆனால் குளிப்புக்கு ஏற்ற வயதை அடையாமலே காணாமல் போய்விடுகிறது. இந்த அளவில் இருதரப்புக்கும் வேறுபாடு இல்லை.

ஏன் காணாமல் போகிறது என்பதில்தான் பிளவு. கடலோடிகள் சொன்ன விளக்கத்தை அறிக்கை பதிவு செய்கிறது. பெரிய பார் ஏனைய பார்களுக்குத் தாய். அங்கே தோன்றி மறையும் குஞ்சுச் சிப்பிகள் தாமாக நகர்ந்தோ நீரோட்டத்தில் அடிபட்டோ உட்பார்களை வந்தடைகின்றன. உட்பார்களுக்குக் குடியிருப்பு அங்கிருந்தே வருகிறது என்பது அவர்கள் கூற்று. இதைக் கூறிய கையோடு, இந்த நம்பிக்கைக்கு உண்மை ஆதாரம் எதுவுமில்லை எனத் தாமும் ஹோர்னெலும் நேரில் ஆராய்ந்து திருப்தி கொண்டதாக ஹேர்ட்மன் முடிக்கிறார். அவரது விளக்கம் வேறு. பாரின் தரையமைப்பும், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அது திறந்து கிடப்பதும் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இளஞ்சிப்பிகளை மணலில் புதைத்தும் ஆழத்துக்கு அடித்துச் சென்றும் அழித்துவிட்டன என்கிறார்.

‘மறைத்தல்’ வாதக்காரர்கள் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். அறிவியல் மேலாண்மையைப் போற்றுவோரும் அப்படியே. முன்னவர்க்கு இது அகந்தை, பின்னவர்க்கு இது மூடநம்பிக்கையின் திருத்தம். இரு தரப்பும் கேட்கத் தவறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: ஹேர்ட்மனிடம் இருந்த சான்று அந்த இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போதுமா?

சான்று இதுதான். 1902 வசந்தத்தில் பாரில் இளஞ்சிப்பி எண்ணிலடங்காமல் கிடந்தது. சோழகம் எனப்படும் அந்தப் பருவக்காற்று ஓய்ந்த பிறகு பார்த்தபோது இல்லை. இடைப்பட்ட மாதங்களில் கடல் கொந்தளிப்பால் எந்தப் படகும் அங்கே நிற்க முடியாது. எவரும் எதையும் பார்க்கவில்லை. முன்பு இருந்தது, பின்பு இல்லை என்பதற்கு மேல் இந்தக் கவனிப்பு எதையும் சொல்லாது. ‘செத்தது’ என்பதற்கும் ‘போய்விட்டது’ என்பதற்கும் அது சமமாகவே இடம் கொடுக்கிறது. தரையமைப்பு அழிவுக்கு ஏதுவானது என்பது நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று எதையாவது தள்ளினால் கிழக்கும் வடகிழக்குமாகத்தான் தள்ளும், அதாவது உட்பார்கள் இருக்கும் பக்கமாக. அதே காற்றும் அதே திறந்த தரையும் கடலோடிகளின் விளக்கத்துக்கும் ஆதாரமாக நிற்கக்கூடியவை.

இளஞ்சிப்பி இடம் மாறும் என்பது அன்றைய அறிவியலுக்கே புதிதில்லை. இலங்கையில் பிறந்த மருத்துவர் இ. எப். கெலார்ட் 1857க்கும் 1859க்கும் இடையில் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கைகளில், முத்துச்சிப்பி தன் நார்முடியைத் தானே அறுத்துக்கொண்டு வேறிடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று காட்டியிருந்தார். சிப்பியின் முட்டையிலிருந்து வரும் குடம்பி ஒட்டும் பருவம் வரை நீரில் மிதந்து திரியும் என்பதை ஹேர்ட்மனே ஏற்கிறார். ஆக, பொறிமுறையின் உறுப்புகள் அனைத்தும் அவர் மேசையில் இருந்தன. அவற்றைக் கடலோடிகளின் கூற்றோடு சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் நடக்கவில்லை.

வயதுக்கு வராமல் சாகும் சிப்பி எப்படித் தாயாக முடியும் என்று கேட்கலாம். இந்தச் சிப்பியினம் ஓராண்டுக்குள்ளேயே இனப்பெருக்க முதிர்ச்சி அடையும் என்பது பின்னர் வளர்ப்புக் கூடங்களில் கண்டறியப்பட்டது. குளிப்புக்கு ஏற்ற வயதும் முட்டையிடும் வயதும் ஒன்றல்ல. முத்து வணிகத்தின் பார்வையில் முதிராத சிப்பி, சிப்பியின் பார்வையில் முதிர்ந்ததாக இருக்கலாம். ஆகவே இந்த மறுப்பை நெடுநேரம் சுமக்கத் தேவையில்லை.

கடலோடிகள் சொன்னதே சரி என்று நான் வாதிடவில்லை. பெரிய பாரின் குஞ்சுகளில் பெரும்பகுதி மணலில் புதைந்து அழிந்திருக்கக்கூடும். சிறுபகுதி உட்பார்களைச் சென்று சேர்ந்திருக்கக்கூடும். இரண்டும் ஒருசேர நடந்திருக்கவும் தடையில்லை. என் கூற்று அதைவிடக் குறுகியது. இரண்டு போட்டி விளக்கங்கள் முன்னிருந்தன. ஒன்று ‘முடிவு’ என்ற தகுதியையும் மற்றது ‘நம்பிக்கை’ என்ற தகுதியையும் பெற்றன. அந்தத் தகுதி வேறுபாட்டைச் சான்று உண்டாக்கவில்லை. சொன்னவர் யார் என்பதே உண்டாக்கியது.

4. எண்ணிக்கைக்கு நம்பியவரை விளக்கத்துக்கு நம்பாமை

பார் சோதனை எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகும். கப்பல் ஓரிடத்தில் நிற்கும். படகுகள் அதைச் சுற்றி வட்டமிடும். குறித்த இடைவெளியில் குளியாள் கல்லோடு இறங்குவார். ஒரு நிமிடம், சில வேளை அதற்கும் சற்று மேல். ஏறி வந்ததும் கையிலுள்ள சிப்பியை எண்ணிக் கொடுத்து, அடி மணலா பாறையா, சிப்பி நெருக்கமா அருகலா என்று சொல்வார். படகுத் தலைவரான தண்டலும் மேற்பார்வையாளரான அடப்பனாரும் கேட்டுச் சொல்ல, அது அட்டவணையில் ஏறும். அரசாங்கம் குளிப்பை அறிவிப்பதும் ஒத்திவைப்பதும் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான். இலட்சக்கணக்கான ரூபாய் வருமானம் ஒரு குளியாளின் வாய்மொழியில் தொங்கியது.

அதே குளியாள் ‘இங்கே இத்தனை சிப்பி’ என்றால் அது தரவு. ‘இங்கேயிருந்த சிப்பி அங்கே போகிறது’ என்றால் அது நம்பிக்கை. கவனிப்புக்கும் ஊகத்துக்கும் இடையே எந்த அறிவியலும் வைக்கும் வேறுபாடுதானே இது என்று சிலர் சமாதானம் சொல்வர். அந்த வேறுபாடு இருபக்கமும் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருந்தால் ஏற்கலாம். மணலில் புதைந்து செத்தது என்பதும் கண்ணால் காணாத ஊகமே. அதற்கு அந்த விதி பொருந்தவில்லை.

இதற்கு நேர் எதிரிடையாக, ஐரோப்பியரிடையே எழுந்த ஒரு சர்ச்சையை வைத்துப் பார்க்கலாம். இலங்கைச் சிப்பியில் நல்முத்து நாடாப்புழுக் குடம்பியைச் சுற்றி உருவாகிறது என்பது ஹேர்ட்மன் அறிக்கையின் புகழ்பெற்ற முடிவு. எச். லிஸ்டர் ஜேம்சன் அதை ஏற்கவில்லை. 1912இல் இலண்டன் விலங்கியல் கழக வெளியீட்டில் நீண்ட ஆய்வொன்றால் மறுத்தார். அந்த மறுப்புக்கு மாதிரிகளும் நுண்ணோக்கியும் பக்கங்களும் கிடைத்தன. முத்தின் தோற்றத்தில் ஹேர்ட்மனோடு மாறுபட்டவருக்கு வாதிட இடம் இருந்தது. சிப்பியின் போக்கில் மாறுபட்டவர்களுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. அந்த வாக்கியமும் அவர்களுடையதன்று.

இது பிறப்பைப் பொறுத்த விலக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. முத்துக்கும் புழுவுக்கும் தொடர்புண்டு என்று இலங்கையில் முதலில் எழுதியவர் கெலார்ட். அவருக்கு ஹேர்ட்மன் பெயர் சொல்லிக் கடன் தீர்க்கிறார். கெலார்டும் காலனியில் பிறந்தவர்தான். ஆனால் இராணுவ மருத்துவர். அறிக்கை எழுதும் உரிமை பெற்றவர். அந்த உரிமையே இருக்கை.

5. வரைபடம் கைமாறியது

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வெறும் அலட்சியத்தின் கதை. அறிக்கையின் பரிந்துரைகளில்தான் கதையின் மறுபாதி இருக்கிறது. பெரிய பாரில் வீணாகும் இளஞ்சிப்பியை வாரியெடுத்து, பாதுகாப்பான உட்பார்களில் கொண்டுபோய் இட வேண்டும் என்பது ஹேர்ட்மனின் முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்று.

மேற்கே வெளிப்பார், அது குஞ்சு விளையும் இடம். கிழக்கே உட்பார், அது வளர்ந்து பருவமடையும் இடம். மேற்கிலிருந்து கிழக்குக்குக் குடியிருப்பு மாற்றம். கடலோடிகள் சொன்ன தாய்ப்பார் வரைபடம் இதுவே. மறுக்கப்பட்டது கடலின் கை மட்டும். அதன் இடத்தில் அரசாங்கத்தின் கப்பல் வந்தது. நம்பிக்கையாகத் தள்ளப்பட்ட உறவுமுறை, திட்டமாகத் திரும்பி வந்தது. ஹேர்ட்மன் அதைக் களவாடினார் என்று நான் கூறவில்லை. அவர் தம் வழியில் தாமே அங்கு வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் அவர் வந்து சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள் என்பதை அறிக்கை எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னே அவர்களைக் கீழே இறக்கிவிட்டு, இப்போது அவர்கள் நின்ற இடத்திலேயே தன் கொடியை நட்டது.

1903இல் குளிப்பு மீண்டது, 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டது, ஆகவே ஆய்வு பலித்தது என்ற வாதம் இன்னும் சிலரிடம் உண்டு. சிப்பி குளிப்புக்கு உகந்த நிலையை எட்ட நான்கு முதல் ஆறு ஆண்டு செல்லும். 1905இல் எடுத்தது ஹேர்ட்மன் கப்பலேறும் முன்பே பாரில் ஒட்டியது. அறிக்கையின் கடைசிப் பகுதி வெளிவந்த 1906இல் பார்களை ஒரு தனியார் கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு குளிப்பு ஓய்ந்தது. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனி கலைந்தது. குளியாட்களுக்கு வழக்கமாகச் சேரும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தே நின்றது. இந்தத் தோல்விக்கு ஹேர்ட்மனைக் குற்றவாளியாக்குவது, வெற்றிக்கு அவரைக் காரணமாக்குவது போலவே அவசரம். கடலின் சுழற்சி இரண்டு தரப்பையும்விடப் பெரிது. வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு தோல்வியை இயற்கைமேல் போடுகிறவர்களுக்கு இது போதும்.

6. இன்றைய ஒப்பந்தங்களுக்கு

இந்தக் கரையில் இன்று கூட்டாய்வுகளுக்குக் குறைவில்லை. கற்பிட்டியை அடுத்த பார் றீப் 1992இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புத்தளம் களப்பின் கண்டலும் கடற்புல்லும் பல வெளிநாட்டுத் திட்டங்களின் களம். கொழும்பிலும் மாத்தறையிலும் மாக்கந்துரையிலும் பல்கலைக்கழகங்களும் பீடங்களும் உண்டு. கற்பிட்டியிலேயே நாரா எனும் அரச நீரியல் வள ஆய்வு நிறுவனத்தின் பிராந்திய நிலையம் உண்டு. கட்டுரைகளில் உள்நாட்டுப் பெயர்களும் வருகின்றன. 1902இன் நிறுவன வெற்றிடம் நிரம்பிவிட்டது.

ஆனால் பெரிய பாரின் கேள்வி நிரம்பவில்லை. நிதி வரும்போதே ஆய்வுக் கேள்வியும் எழுதப்பட்டு வருகிறது. உள்நாட்டுத் துறை அனுமதி வாங்கித் தருகிறது, படகு ஏற்பாடு செய்கிறது, மாணவர்களை அனுப்பித் தரவு சேர்க்கிறது. பெயர் மூன்றாவதோ நான்காவதோ வருகிறது. அந்தத் துறையோ, அது பேசிய மீனவரோ ‘இது இப்படி நடக்கிறது’ என்று ஒரு விளக்கம் சொன்னால், அதைச் சோதித்துப் பார்க்க வரவு செலவில் ஒரு வரி இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் சொல் ‘உள்ளூர் அறிவு’ என்ற தனி அத்தியாயத்துக்குப் போகிறது. 1903இல் ‘நம்பிக்கை’ என்றார்கள். இன்று மரியாதையாகச் சொல்கிறார்கள். சோதனைக்குப் போகாதவரை இரண்டும் ஒரே இடம்தான்.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2017இல் ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரை முதலாசிரியராகக் கொண்டு, பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டல் மீள்நடுகை பற்றி வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் 23 நடுகை இடங்களைப் பரிசோதித்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. எத்தனை கன்று நட்டோம் என்பது நன்கொடையாளருக்கு இனிக்கும் கேள்வி. எத்தனை பிழைத்தது என்பது சேற்றில் நிற்பவனின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நிதியும் இதழும் கிடைத்தபோது வந்த விடை முதற்கேள்வி தரவே முடியாத விடை. வெளிநாட்டுக் கூட்டு என்பதே தீங்கு என்று சொல்வோருக்கும் இது பதில்.

பெயர்ப்பட்டியலின் நீளத்தை வைத்துக் கூட்டாய்வின் நேர்மையை அளப்பதை நாம் நிறுத்த வேண்டும். அறிக்கையில் பெயர் வருவதும் வாதத்தில் இடம் பெறுவதும் வேறு வேறு என்பதற்கு ஹேர்ட்மனின் ஐந்து பகுதிகளைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: எங்கள் தரப்பு விளக்கம் உங்கள் விளக்கத்தோடு மோதினால், இரண்டையும் சோதிக்கப் படகும் பணமும் உண்டா? உண்டு என்று எழுத்தில் வராவிட்டால் அதற்குக் கூட்டாய்வு என்ற பெயர் பொருந்தாது. அது கூலிக்கு ஆள் பிடிப்பது.